மலைக்கோட்டை மட்டும்தான் திண்டுக்கல்லா?

திண்டுக்கல் என்றதும் வெளியூர் நண்பர்கள் மூன்றே மூன்று சொல்வார்கள். பூட்டு, பிரியாணி, மலைக்கோட்டை. நம்மூர்க்காரர்களைக் கேட்டாலும் அதற்கு மேல் போவதில்லை என்பதுதான் வருத்தம்.

வரலாறு என்று கேட்டால் கோட்டைக் கதை கடகடவென வரும். 1605-ல் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் கட்டினார், 1755-ல் ஹைதர் அலி வந்தார், 1790-ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள், 1801-ல் விருப்பாச்சி கோபால் நாயக்கரைத் தூக்கிலிட்டார்கள். அவ்வளவுதான்! அதற்கப்புறம் 200 வருஷத்துக்கு மேல் இந்த ஊரில் எதுவுமே நடக்கவில்லையா?

நடந்தது நண்பர்களே. மலை மேல் இல்லை, மலைக்குக் கீழே! நாகல் நகரில் சௌராஷ்டிர நெசவாளர்கள் தறி போட்டார்கள். ஸ்பென்சர் கம்பெனிக்கு இங்கே சுருட்டுத் தொழிற்சாலை இருந்தது. பேகம்பூர்ப் பக்கம் தோல் ஷாப்புகளில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி நின்றார்கள். சந்துக்குச் சந்து பூட்டுப் பட்டறை. இந்த ஊரை ஊராக்கியது இவர்கள்தான். பீரங்கி மேடைக்குப் பாதுகாப்பு உண்டு, டிக்கெட் உண்டு. இவர்களுக்கு என்ன இருக்கிறது?

"அதான் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கொடுத்தாச்சே" என்பீர்கள். சந்தோஷம். அது பெயரைக் காப்பாற்றும். அரம் பிடிக்கிற கையைக் காப்பாற்றுமா? அலிகாரிலிருந்து மெஷின் பூட்டு மலிவாக வந்து குவியும்போது, ஒரு மாங்காய்ப் பூட்டுக்கு நாள் கணக்கில் ராவுகிற வேலைக்கு எந்தப் பையன் வருவான்? அப்பாவே வேண்டாம் என்பார்!

இங்கிலாந்தில் வில்லன்ஹால் என்று ஒரு பழைய பூட்டு ஊர். குனிந்தே ராவி ராவி முதுகு கூனியதால் அந்த ஊருக்கே கூனர் ஊர் என்று கேலிப்பெயர் உண்டு. அங்கும் தொழில் தேய்ந்துபோனது. ஆனால் ஒரு பூட்டுக்காரக் குடும்பத்தின் வீட்டையும் பட்டறையையும் அப்படியே அருங்காட்சியகமாக வைத்தார்கள். ராஜா வீடு இல்லை, தொழிலாளி வீடு!

பழம்பெருமை பேசச் சொல்லவில்லை. அசிங்கத்தையும் சேர்த்தே எழுத வேண்டும். தோல் ஷாப்புக் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்ததையும், 1996-ல் உச்ச நீதிமன்றம் திண்டுக்கல் உட்பட ஐந்து மாவட்டத் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டதையும் மறைத்துவிட்டு என்ன வரலாறு?

மாநகராட்சி ஒரே ஒரு பழைய பட்டறையை வாங்கி, அரம், உலை, அச்சோடு அப்படியே வைக்கட்டும். நம் கல்லூரிகள் வயதான தொழிலாளிகளின் பேச்சைப் பதிவு செய்யட்டும். ப்ராஜெக்ட் என்று இணையத்திலிருந்து வெட்டி ஒட்டுகிற நேரத்தில் நாமே இதைச் செய்யலாமே?

கோட்டை இன்னும் 400 வருஷம் நிற்கும். பட்டறையில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரியவர் நிற்கமாட்டார். முதலில் யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.