அடங்காத பிள்ளையா, கவனம் நிலைக்காத பிள்ளையா?



கொரோனா பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட நமது தமிழகப் பள்ளிகள், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள சிறாருக்கு மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1ஆம் நாளன்றுதான். அதுவரை கைப்பேசியும் கல்வித் தொலைக்காட்சியுமே வகுப்பறைகள். அக்காலம் எல்லாப் பிள்ளைகளையும் வாட்டியது. எனினும், ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு, மிகை இயக்கக் குறைபாடு உடைய பிள்ளைகள் பட்ட பாட்டை நாம் அதிகம் பேசவில்லை. வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வரும் இந்நாளிலும் அவர்களது சிக்கல் தொடர்கிறது.

உலக அளவில் நூறு சிறாரில் ஏறக்குறைய ஐந்து பேருக்கு இக்குறைபாடு உண்டு. இது பெரும்பாலும் பிறவியிலேயே அமையும் மூளை வளர்ச்சி சார்ந்தது. தாயின் வளர்ப்புக் குற்றமன்று. பள்ளியில் மணியோசை, ஆசிரியரின் பார்வை, முதல் பெஞ்சு, விளையாட்டு வேளை, 'போய்ச் சாக்பீஸ் எடுத்து வா' என்னும் ஏவல் ஆகியவை அப்பிள்ளையைத் தாங்கிப் பிடிக்கின்றன. வீட்டில் இவை யாவும் மறைந்துவிடுகின்றன. பாடம் வரும் அதே கைப்பேசியில்தான் விளையாட்டும் இருக்கிறது! எட்டாம் வகுப்பு வரை நாளொன்றுக்கு 30 முதல் 45 நிமிடங்கள் கொண்ட இரு வகுப்புகளுக்கு மேல் வேண்டாம் என 2020 ஜூலையில் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் வழிகாட்டியது. இப்பிள்ளைகளுக்கு அந்த 45 நிமிடமே நெடும்பயணம்.

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பகுதிகளிலிருந்து மதுரைக்கு வேலைக்கு வரும் தந்தையிடமே வீட்டின் ஒரே கைப்பேசி இருக்குமானால், பாடம் தொடங்குவது இரவில். களைத்த பிள்ளை, களைத்த பெற்றோர். முடிவில் அடி விழுகிறது.

பாடத்தைப் பத்து, பதினைந்து நிமிடத் துண்டுகளாக்குங்கள். இடையில் தண்ணீர்க் குடம் தூக்கி வரட்டும், ஓடட்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள். முடித்ததும் உடனே பாராட்டுங்கள். மாதத் தேர்வு வரை காத்திருக்க வேண்டாம். நின்றுகொண்டே எழுதினாலும் எழுத்து எழுத்துதானே?

நேர்ந்துகொள்வதையோ செபிப்பதையோ நாம் தடுக்கவில்லை. ஆனால் அதைக் காரணம் காட்டி மருத்துவரிடம் செல்வதைத் தள்ளிப்போடாதீர்கள். மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. மருந்து வேண்டுமா, பயிற்சி போதுமா என்பதை மருத்துவரே சொல்லட்டும்.

அரசின் நிலையிலும் ஒரு முரண் உள்ளது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ், பள்ளிகளில் கண்டறிய வேண்டிய குறைபாடுகளுள் இதுவும் ஒன்று. ஆனால் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் இதற்குத் தனி இடமில்லை. எழுத்தில் தடுமாறும் டிஸ்லெக்சியா பிள்ளைக்கு அப்பட்டியலில் இடமுண்டு. தேர்வில் கூடுதல் நேரம் கேட்க வழியும் உண்டு. கவனம் மட்டுமே சிதறும் பிள்ளைக்கு அவ்வழி கடினம். கண்டுபிடிக்க ஒரு பட்டியல், கைவிட இன்னொரு பட்டியலா? நமது கத்தோலிக்கப் பள்ளி நிர்வாகங்கள் சட்டத்திருத்தத்திற்குக் காத்திராமல், தங்கள் உள்தேர்வுகளிலாவது இந்நேரத்தை வழங்கலாம். அதற்கு எவரது அனுமதியும் வேண்டியதில்லை.

மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. துறுதுறுவென்றிருக்கும் பையனை ஞாயிறுதோறும் வெளியே நிறுத்துவதைவிட, புத்தகங்களைப் பங்கிடும் வேலையை அவனிடம் கொடுத்துப் பாருங்கள்.