முதலில் கிணறுகளை எண்ணுவோம்



விடுமுறையில் சுகாதார விழிப்புணர்வு செய்வோம் என்கிறார்கள் நம் இளைஞர்கள். நல்ல எண்ணம். ஆனால் பேச்சு உடனே பெனருக்கும் டீசேர்ட்டுக்கும் போய்விடுகிறது. நாம் சொல்வது, முதலில் கிணறுகளை எண்ணுவோம்.

2016 செப்டம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அதே டிசம்பரில் நம் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி நுளம்பு பிடிபட்டது. இந்திய நகரங்களில் மலேரியா பரப்பும் இனம். சுத்தமான கிணற்றுத் தண்ணீரிலும் பெருகும். வெளிநாட்டிலிருந்து ஒருவர் அந்தக் காய்ச்சலோடு வந்தால் மீதியை நுளம்பு பார்த்துக்கொள்ளும்.

1990 வெளியேற்றத்துக்குப் பின் புத்தளத்திலேயே தங்கிவிட்ட நம்மவர்களின் பூட்டிய வளவுகளில் கிணறுகள் கிடக்கின்றன. சாவி யாரிடம் என்பது பரிசோதகருக்குத் தெரியாது, ஊருக்குத் தெரியும். தொண்டர்களின் வேலை அங்கேதான்.

ஆகவே பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்திப்போம். தெருத் தெருவாகப் பட்டியல் போடுவோம். மூடுவதா, மீன் விடுவதா என்று அவர் சொல்லட்டும். எருக்கலம்பிட்டி, தாராபுரத்தோடு பேசாலை, தலைமன்னார் சகோதரர்களையும் அழைப்போம். நுளம்புக்குப் பள்ளிவாசலும் தேவாலயமும் ஒன்றுதான்.

ஜும்ஆவுக்குப் பின் பேசுவோம், இன்ஷா அல்லாஹ். கொப்பியும் பேனையும் போதும்.