ஆமி பிடித்தால் யார் உருப்படுவார்?

பதுளை பஸ் நிலையத்துத் தேநீர்க் கடையானாலும் சரி, பசறைப் பக்கத்து லயமானாலும் சரி, விலைவாசிப் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறது: "ஆமி பிடிச்சாத்தான் நாடு உருப்படும்." அரசியல்வாதிகளின் களவைப் பார்த்துப் புளித்துப்போனவர்களின் பேச்சு இது. புளிப்பில் நியாயம் உண்டு. கேட்கிற மருந்தில்தான் இல்லை.

பாதி மருந்தை 2019இல் குடித்தோமே. ஓய்வுபெற்ற லெப்டினன்ட் கேர்ணல் கோட்டாபய வாக்கில் வந்தார்தான். ஆனால் அவரை ஏற்றிவிட்டது இதே நம்பிக்கை. சுகாதாரத்துக்கும் விவசாயத்துக்கும் மேஜர் ஜெனரல்கள் செயலாளர் ஆனார்கள். 2021 மே மாதம் ஒரே உத்தரவில் இரசாயன உர இறக்குமதி நின்றது. 2021இல் ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை அடுத்த வருடம் 25 கோடியானது. உரமில்லாத மலையில் கொழுந்து ஏது? கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாள் கூலிதான். உத்தரவு போட்டவருக்கு அரைப்பேர் போட ஆளில்லை.

2022இல் நாட்டை விட்டு ஓடியவர் ஆகஸ்டில் பாங்கொக் போய் இறங்கினார். இடம் கொடுத்த தாய்லாந்துப் பிரதமர் பிரயுத், 2014இல் இராணுவத் தளபதியாக இருந்து ஆட்சியைப் பிடித்தவர். ஊழலை ஒழிக்கிறோம் என்று 2006இல் பிரதமர் தக்சினைக் கவிழ்த்த அதே இராணுவம், எட்டே வருடத்தில் அவர் தங்கை கட்சியின் ஆட்சியையும் கவிழ்த்தது. 1957இல் அங்கே ஆட்சியைப் பிடித்த தளபதி சரித் தனரத் இன்னும் கண்டிப்பானவர். தீ வைத்ததாகச் சொல்லப்பட்டவர்களை விசாரணையே இல்லாமல் சுட வைத்தார். 1963இல் அவர் செத்ததும் குடும்பம் சொத்துக்கு அடித்துக்கொண்டது. அப்போதுதான் அவர் சுருட்டிய கோடிகள் வெளியே வந்தன.

ஒழுங்காவது வரும் என்பார்கள். பிரட்டுக்களத்தில் தலைமுறை தலைமுறையாக ஒருவர் வாய்ச்சொல்லுக்கு வரிசையில் நின்ற தோட்டத் தொழிலாளர்கள் நாம். ஒழுங்குக்கு என்ன குறை? கூலிக்குத்தான் குறை.

"1948இல் நம் குடியுரிமையைப் பறித்ததும் பாராளுமன்றம்தானே?" என்று கேட்கலாம். ஆமாம், அதோடு வாக்கும் போனது. வாக்கில்லாதவர்களை என்ன செய்தார்கள்? 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் நம்மை 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று பங்கு பிரித்தார்கள். நம்மிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் 1988இல் வந்தது. அந்த டிசம்பரில் ஜனாதிபதித் தேர்தல். கொழும்புக்குத் திடீரென்று இரக்கம் சுரந்துவிடவில்லை, நம் வாக்கு வேண்டியிருந்தது. எந்த ஜெனரலுக்கு அது வேண்டும்?