வாய் பேசாத பிள்ளை சிந்திக்காத பிள்ளை அல்ல!

தறிக்காரர் வீட்டிலும் கரும்பு வெட்டும் கூலிக்காரர் குடிசையிலும் பேச்சு வராத பிள்ளைகள் உண்டு. காது கேட்கிறது, வார்த்தை வரவில்லை. பிள்ளை கையை உதறுகிறான், சுற்றிச் சுற்றி வருகிறான், கூப்பிட்டால் திரும்புவதில்லை. “பைத்தியம்” என்கிறது தெரு. “தாய் செய்த பாவம்” என்கிறது ஊர். இவன் தலைக்குள் ஒன்றுமே இல்லை என்று முடிவும் கட்டிவிடுகிறது. இது நியாயமா?

இது பாவமும் அல்ல, சாபமும் அல்ல. இதற்கு ஆட்டிசம் என்று பெயர். 1943-ல் லியோ கானர் என்ற வைத்தியர் இதை விவரித்து எழுதினார். தாயின் பாசக் குறைவுதான் காரணம் என்று சில படித்த மேதைகளும் ஒரு காலத்தில் பழி சுமத்தினார்கள். விஞ்ஞானம் அந்தப் பழியைத் தூக்கி எறிந்துவிட்டது. பிறவியிலேயே மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு இது. ஆட்டிசம் உள்ளவர்களில் எல்லோரும் பேசாதவர்கள் அல்ல. ஒரு பகுதியினருக்குத்தான் பேச்சு வருவதில்லை. அவர்களிலும் சிலருக்கு மொழி உள்ளே இருக்கிறது. வாய்தான் சொன்னபடி கேட்பதில்லை.

இதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 1989-ல் பிறந்த டிட்டோ ராஜர்ஷி முகோபாத்யாய் மைசூரிலும் பெங்களூரிலும் வளர்ந்தவர். மூன்று வயதுவாக்கில் ஆட்டிசம் என்றார்கள். தாய் சோமா கைவிடவில்லை. எழுத்துப் பலகையைக் காட்டிப் பழக்கினார். பென்சில் பிடிக்காத கையில் அதை ரப்பர் வளையத்தால் கட்டி எழுதவைத்தார். எட்டு வயதிலிருந்து பதினோரு வயதுக்குள் அந்தப் பையன் எழுதியவை 2000-ஆம் ஆண்டில் லண்டனில் புத்தகமாக வந்தன.

என்ன எழுதினார்? தமக்குள் இரண்டு பேர் இருப்பதாக எழுதினார். ஒருவன் சிந்திக்கிறவன், அறிவும் உணர்ச்சியும் நிறைந்தவன். மற்றவன் செய்கிறவன், அவன் சிந்திக்கிறவனின் சொல்லுக்குக் கட்டுப்படுவதில்லை. உடம்பு சிதறிக் கிடப்பதுபோல் தோன்றுவதால், அதை ஒன்றாக உணரவே சுழல்வதாகவும் சொன்னார். தெரு சிரித்த அந்தச் சுழற்சிக்கு இப்படி ஓர் அர்த்தம் இருந்தது!

இதிலும் ஏமாற்று உண்டு என்பதை உழைப்பாளிகள் அறியவேண்டும். பிள்ளையின் கையைப் பிடித்து எழுத்துகளைத் தொடவைக்கும் ஒரு முறையைச் சோதித்துப் பார்த்தபோது, வந்த வார்த்தைகள் பிள்ளையுடையவை அல்ல, கை பிடித்தவருடையவை என்று தெரிந்தது. சோமா பின்னர் அமெரிக்காவில் பரப்பிய பலகை முறையும் வேண்டாமென 2018-ல் அந்நாட்டுப் பேச்சு நிபுணர் சங்கம் எச்சரித்தது. பலகையை வேறொருவர் பிடித்திருந்தால் வார்த்தை யாருடையது என்ற சந்தேகம் தீராது என்பதே காரணம். டிட்டோவோ தம் சொந்தக் கையால் பென்சில் பிடித்து எழுதுகிறவர். ஆகவே பிள்ளையின் விரல் தானாக நகர்கிறதா என்பதே உரைகல். அற்புதம் காட்டுவதாகச் சொல்லிப் பணம் கேட்பவனை நம்பாதீர்கள்.

எல்லாப் பிள்ளைகளும் புத்தகம் எழுதப்போவதில்லை. பசிக்கிறது, வலிக்கிறது, வேண்டாம் என்று சொல்ல முடிந்தாலே அது விடுதலைதான். படத்தைத் தொட்டால் பேசும் ‘ஆவாஸ்’ என்ற சாதனம் நம் சென்னையிலேயே உருவானது. ஆனால் அது எந்தக் கூலிக்காரர் வீட்டுக்கு வந்தது?

சோமா படித்தவர், பகலெல்லாம் மகனோடு உட்கார்ந்தார். நாற்று நடப் போகும் தாய்க்கு அந்தப் பகல் ஏது? மத்திய சர்க்காரின் பல்வகை ஊனமுற்றோர் நிறுவனம் 2005 முதல் முட்டுக்காட்டில் இருக்கிறது. திருத்தணியிலிருந்து ரயிலேறி, சென்னையைக் கடந்து, பஸ் பிடித்துப் போய் வந்தால் ஒரு நாள் கூலி போச்சு! வாரந்தோறும் போவது யாரால் முடியும்? அறிவுக்கும் வாய்ப்பூட்டு போடுவது வறுமைதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் பட்டியலில் சேர்த்தது. நாற்பது சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைக்கு ஆறு முதல் பதினெட்டு வயது வரை இலவசக் கல்வி உரிமை என்கிறது. பேச இயலாதோருக்கு வேறு வழிகளில் கருத்தைச் சொல்லும் முறைகளை வளர்க்கவேண்டும் என்றும் சொல்கிறது. ஏட்டில் உள்ளது நாட்டில் வரவேண்டும்.

ஆகவே நாம் கேட்கிறோம்: ஒவ்வொரு தாலுகாவிலும் இதற்கென்று பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும். படப் பலகையும் பேசும் சாதனமும் இலவசமாக வேண்டும். அவை வீட்டு மொழியில் இருக்கவேண்டும். தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் இந்த எல்லை ஊரில் இது மிக அவசியம். பிள்ளையை அழைத்துப் போகும் நாளுக்குத் தாய்க்குக் கூலி நஷ்டம் கூடாது.

திருத்தணி மலையின் 365 படிகளில் இப்படிப்பட்ட பிள்ளையைத் தோளில் சுமந்து ஏறும் தாய் தகப்பனை நாம் குறை சொல்லவில்லை. அதே தோள்கள் தாலுகா ஆபீஸ் படியும் ஏறட்டும். தனியாக வேண்டாம், சங்கமாகச் சேர்ந்து ஏறுவோம். வாய் பேசாத பிள்ளைக்காக, வாயுள்ள நாம் பேசுவோம். அவன் தானே சொல்லும் நாள் வரும்வரை பேசுவோம்!