நிகோபாரின் குரல் எங்கே?

2018 டிசம்பர் 30-ம் தேதி போர்ட் பிளேரில் நடைபெற்ற விழாவில், அந்தமானைச் சேர்ந்த மூன்று தீவுகளுக்குப் புதிய பெயர்களைப் பிரதமர் நரேந்திர மோடி அறிவித்தார். சுற்றுலாப் பயணிகள் நன்கறிந்த ஹேவ்லாக், அன்று முதல் 'ஸ்வராஜ் தீவு' ஆனது. 1857-ம் ஆண்டு எழுச்சியை ஒடுக்கிய ஆங்கிலேயத் தளபதி ஹென்றி ஹேவ்லாக்கின் பெயர் சுதந்திர இந்தியாவின் ஒரு தீவுக்கு நீடித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. அந்த வகையில் அரசின் முடிவில் குறை காண எதுவும் இல்லை.

ஆனால், அந்தப் பெயரின் வரலாற்றில் ஒரு முரண்பாடு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1943-ல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் இத்தீவுகளுக்குப் பெயர் சூட்டியபோது, 'ஷாஹீத்' என்ற பெயரை அந்தமானுக்கும், 'ஸ்வராஜ்' என்ற பெயரை நிகோபாருக்கும் வழங்கினார். முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகு நேதாஜியின் நினைவைப் போற்றும் விழாவில் அந்தப் பெயர் நிகோபாருக்குச் செல்லவில்லை. அந்தமான் கூட்டத்தில் உள்ள ஹேவ்லாக்குக்குச் சென்றது.

பெயர் போகட்டும். ஸ்வராஜ் என்பதன் பொருளாவது நிகோபாருக்குக் கிடைத்ததா? தங்கள் மண்ணைப் பற்றி தில்லியில் முடிவெடுக்கப்படும்போது தங்கள் கருத்தைச் சொல்லும் வாய்ப்பு அம்மக்களுக்கு இருக்கிறதா? இக்கேள்வியை எழுப்பும்போது, முதலாவது மக்களவையில் அமர்ந்திருந்த ஒரு கிறிஸ்தவ ஆயரின் நினைவு தவிர்க்க முடியாததாகிறது. அவர் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன்.

கார் நிகோபார் தீவின் மூஸ் கிராமத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் பிறந்தவர் அவர். அவரது வாழ்க்கையின் திசையை மாற்றியவர் ஒரு தமிழர் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. சென்னை மாகாணத்திலிருந்து சென்ற வேதப்பன் சாலமன் என்ற ஆங்கிலிக்கன் திருச்சபை ஊழியர், 1890-களின் நடுப்பகுதியில் மூஸ் கிராமத்தில் பள்ளி தொடங்கினார். அங்கு பயின்ற சிறுவர்களில் ஒருவரே ரிச்சர்ட்சன். மேற்படிப்புக்காக பர்மாவுக்கு அனுப்பப்பட்ட அவர், 1912-ல் தாயகம் திரும்பி ஆசிரியரானார். நிகோபாரி மொழியில் விவிலியத்தை மொழிபெயர்த்தார். எழுத்து வழக்கு இல்லாதிருந்த ஒரு மொழி அச்சேறியதில் அவரது பங்கு முதன்மையானது. அந்தத் தீவின் இளைஞர்களுக்குக் கால்பந்தை அறிமுகப்படுத்தியவரும் அவரே.

1934-ல் அவர் குருவாக அருட்பொழிவு பெற்றார். அடுத்த பத்து ஆண்டுகளில் போர் வந்தது. 1942-ல் தீவுகள் ஜப்பானியர் வசமாயின. நேச நாடுகளுக்கு உளவு சொன்னதாகக் குற்றம்சாட்டி, நிகோபாரி மக்கள் பலரை ஜப்பானிய ராணுவம் சித்திரவதை செய்து கொன்றது. ரிச்சர்ட்சன் தமது மகனைப் பறிகொடுத்தார். அவருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஜப்பான் சரணடைந்ததால் உயிர் தப்பினார். இக்கொலைகள் தொடர்பான போர்க்குற்ற விசாரணை 1946-ல் சிங்கப்பூரில் நடைபெற்றது.

கத்தோலிக்கத் திருச்சபையில், இத்தகைய வாழ்க்கை வாழ்ந்தவர்களை 'அருளாளர்' என்றும், பின்னர் 'புனிதர்' என்றும் உயர்த்தும் நடைமுறை உண்டு. எல் சால்வடார் நாட்டில் ஏழைகளுக்காகக் குரல் கொடுத்து, 1980-ல் திருப்பலி நிறைவேற்றியபோது சுட்டுக்கொல்லப்பட்ட பேராயர் ஆஸ்கார் ரொமேரோ, 2015-ல் அருளாளராகவும் 2018-ல் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார். குரலற்றவர்களின் குரலாக இருப்பதும் இறைப்பணியே என்பதற்கு ரோம் அளித்த அங்கீகாரமாக உலகம் அதைக் கண்டது. ரிச்சர்ட்சன் சார்ந்த ஆங்கிலிக்கன் மரபில் அவ்வாறான விசாரணைகளோ பட்டங்களோ இல்லை. அவருக்கு அந்த அங்கீகாரத்தை அளித்தது, ஒரு வகையில், இந்தியக் குடியரசு.

1950 ஜனவரியில், குடியரசு பிறந்த அதே மாதத்தில், அவர் நிகோபார் தீவுகளுக்கான துணை ஆயராக அருட்பொழிவு செய்யப்பட்டார். 1952-ல் அமைந்த முதலாவது மக்களவைக்கு, அந்தமான் நிகோபார் தீவுகளின் பிரதிநிதியாகக் குடியரசுத் தலைவர் அவரை நியமித்தார். தேர்தல் நடத்தும் சூழல் இல்லாத தீவுகளுக்கு நியமன உறுப்பினர் என்பது அன்றைய ஏற்பாடு. தில்லியில் இருந்தவர்கள் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரையோ, வணிகர் ஒருவரையோ எளிதாகத் தேர்ந்தெடுத்திருக்கலாம். அவ்வாறு செய்யாமல், மூஸ் கிராமத்துப் பழங்குடி ஒருவரை நாட்டின் உச்ச அவையில் அமர்த்தினார்கள். நேருவின் காலத்து முடிவுகளில் அதிகம் பேசப்படாத, ஆனால் பெருமைக்குரிய முடிவு அது.

அவர் உறுப்பினராக இருந்த காலத்தில்தான், 1956-ல், பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டம் அத்தீவுகளுக்குப் பிறப்பிக்கப்பட்டது. பழங்குடியினரின் நிலத்தை வெளியார் வாங்கவும், காப்பகப் பகுதிகளில் அனுமதியின்றி நுழையவும் தடை விதிக்கும் சட்டம் இது. 1965-ல் பத்மஸ்ரீ, 1975-ல் பத்மபூஷண் விருதுகள் ரிச்சர்ட்சனைத் தேடி வந்தன. 1966-ல் தனி மறைமாவட்டம் உருவானபோது அதன் முதல் ஆயரானார். 1978-ல் மறைந்தார். கார் நிகோபாரில் உள்ள அரசு மருத்துவமனை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மருத்துவமனைக்குப் பெயர் இருக்கிறது. மக்களவையில் அவர் அமர்ந்த இடம் என்னவாயிற்று? 1967-ல்தான் அந்தமான் நிகோபாரில் முதன்முறையாக நேரடித் தேர்தல் நடைபெற்றது. அது முதல் கே.ஆர். கணேஷ், மனோரஞ்சன் பக்தா, விஷ்ணு பத ராய், குல்தீப் ராய் சர்மா எனப் பலர் வந்துள்ளனர். அவர்களது பணியைக் குறைத்து மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமல்ல. ஆனால், ரிச்சர்ட்சனுக்குப் பிறகு நிகோபாரி இனத்தவர் ஒருவர்கூட மக்களவையில் நுழையவில்லை என்பதே உண்மை.

காரணம் எளிய கணக்கு. 2011 கணக்கெடுப்பின்படி, அந்தமான் நிகோபாரின் மக்கள்தொகை 3,80,581. பழங்குடியினர் 28,530 பேர். அதாவது ஏழரை சதவீதம். இருப்பதோ ஒரே தொகுதி. அது பொதுத் தொகுதி. ஹேவ்லாக்கின் வங்காளக் குடியேறிகளும், போர்ட் பிளேரின் தமிழர்களும் தெலுங்கர்களும், பத்து பாகைக் கால்வாய்க்குத் தெற்கே வாழும் நிகோபாரி மக்களும் ஒரே பெட்டியில் வாக்களிக்க வேண்டும். லட்சத்தீவிலும் ஒரே தொகுதிதான். ஆனால், அங்கு பெரும்பான்மையினர் பழங்குடியினர் என்பதால் அது தனித் தொகுதி.

நிகோபாருக்கு மட்டும் இருக்கும் ஒரே தொகுதியை ஏழரை சதவீதத்தினருக்கு ஒதுக்குவது மற்றவர்களுக்கு அநீதி அல்லவா என்ற கேள்வி நியாயமானதே. குடியேறிகளும் இந்த மண்ணின் மக்களே. சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்கள் நிகோபாரின் கச்சால் தீவில் ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். 2004 சுனாமியின் கொடுமையை நிகோபாரி மக்களோடு சேர்ந்து அனுபவித்தவர்கள் அவர்கள். எனவே, ஒருவரின் இடத்தைப் பறித்து மற்றவருக்குத் தருவது தீர்வாகாது.

அதற்காக, குரலின்மையின் விலையை மறந்துவிடவும் முடியாது. கிரேட் நிகோபார் தீவில் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், நகரியம் ஆகியவற்றை அமைக்கும் பெருந்திட்டத்துக்காக 130 சதுர கிலோமீட்டர் அளவிலான வனப்பகுதியைப் பயன்படுத்த 2022-ல் மத்திய அரசு அனுமதி அளித்தது. அதில் பழங்குடியினர் காப்பகமாக அறிவிக்கப்பட்டிருந்த நிலமும் அடங்கும். அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஆட்சேபம் இல்லை என்று கடிதம் தந்த பழங்குடியினர் மன்றம், முழு விவரங்களும் தங்களுக்குச் சொல்லப்படவில்லை என்று கூறி நவம்பரில் அதனைத் திரும்பப் பெற்றது. மலாக்கா நீரிணையின் வாயிலில் துறைமுகம் அமைவது தேசப் பாதுகாப்புக்கு அவசியம் என்கிறது அரசு. அந்த வாதத்தை அலட்சியப்படுத்த இயலாது. ஆனால், நாடாளுமன்றத்தில் இத்திட்டம் பற்றிய கேள்விகளை எழுப்பியவர்கள் பிற மாநில உறுப்பினர்கள். 'இது எங்கள் மூதாதையர் நிலம்' என்று அவையில் எழுந்து சொல்ல அந்த மண்ணின் மைந்தர் ஒருவர் இல்லை.

வழி இல்லாமல் இல்லை. மாநிலங்களவைக்குக் குடியரசுத் தலைவர் 12 பேரை நியமிக்கிறார். இலக்கியம், அறிவியல், கலை ஆகியவற்றோடு சமூக சேவையும் அதற்கான தகுதியாக அரசியலமைப்பின் 80-வது பிரிவில் இடம்பெற்றுள்ளது. திரைக் கலைஞர்களும் விளையாட்டு வீரர்களும் அமர்ந்த அந்த இருக்கைகளில் ஒன்றில் நிகோபாரி ஒருவரை அமர்த்த எந்தச் சட்டத்திருத்தமும் தேவையில்லை. 1952-ல் இருந்த மனம் இருந்தால் போதும்.

நிரந்தரத் தீர்வு, தொகுதி மறுவரையறையில் இருக்கிறது. யூனியன் பிரதேசங்களுக்கு மக்களவையில் 20 இடங்கள் வரை 81-வது பிரிவு அனுமதித்திருக்க, 2024 தேர்தலில் 19 இடங்களுக்கே தேர்தல் நடைபெற்றது. மீதமுள்ள ஓர் இடத்தை நிகோபார் மாவட்டத்துக்குத் தனித் தொகுதியாக வழங்குவதை நாடாளுமன்றம் ஏன் பரிசீலிக்கக் கூடாது? 2011-ல் அம்மாவட்டத்தின் மக்கள்தொகை 36,842 மட்டுமே என்று எதிர்வாதம் எழும். அதே கணக்கெடுப்பில் லட்சத்தீவின் மக்கள்தொகை 64,473. இந்த எண்ணிக்கைக்கும் வழக்கமான தொகுதிக் கணக்குக்கும் தொடர்பே இல்லை. தீவுகள் என்பதாலேயே அந்தச் சலுகை தரப்பட்டது.

இந்த வாதத்தைத் தமிழ்நாடு கூர்ந்து கவனிக்க வேண்டும். தலைகளின் எண்ணிக்கை மட்டுமே பிரதிநிதித்துவத்தின் அளவுகோல் ஆகிவிடக் கூடாது என்பதுதான் மறுவரையறை விவாதத்தில் தென்மாநிலங்களின் நிலைப்பாடு. அந்த நிலைப்பாடு நேர்மையானது என்றால், எண்ணிக்கையால் முற்றிலும் விழுங்கப்பட்டுவிட்ட நிகோபாரி மக்களுக்காகவும் தமிழக உறுப்பினர்கள் பேச வேண்டும். வேதப்பன் சாலமன் மூஸ் கிராமத்தில் தொடங்கிய பணியின் தொடர்ச்சியாக அது அமையும்.

தீவுகளின் பெயர்களை மாற்றுவது ஒரு நாள் விழாவில் முடிந்துவிடும். நேதாஜி 'ஸ்வராஜ்' என்ற சொல்லை எந்த மண்ணுக்கு அளித்தாரோ, அந்த மண்ணுக்கு அதன் பொருளை அளிக்கும் கடமை நாடாளுமன்றத்துக்கு இன்னும் இருக்கிறது.