கரி வடக்கே போனது

2011 அக்டோபரில் ராயபுரத்தில் கரி நின்றது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் எங்கள் பழைய தெரு மொட்டை மாடிகளில் வெள்ளை வேட்டி காயப்போட ஆரம்பித்தார்கள். அதுவரை கொடியில் தொங்கும் எதுவும் சாயங்காலத்துக்குள் சாம்பல் பூத்துவிடும். சன்னல் கம்பியைத் தொட்டால் விரலில் மை ஒட்டும். தண்ணீர்க் குடத்தின் வாயில் என் அம்மா இரண்டு துணி கட்டுவாள். மேல் துணி தூசிக்கு, கீழ்த் துணி மேல் துணியிலிருந்து உதிர்வதற்கு. வழக்குப் போட்டவர்களைக் கொண்டாடினோம். தெருமுனையில் யாரோ லட்டு கொடுத்தார்கள்.

கரி எங்கும் நிற்கவில்லை. ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் வடக்கே, எண்ணூரில் 2001இல் திறந்திருந்த துறைமுகத்துக்குப் போனது. அங்கேயும் கொடி கட்டுவார்கள், அங்கேயும் குடத்துக்கு வாய் உண்டு என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. லட்டு நன்றாக இருந்தது.

நான் இருந்த தொழிற்சங்கத்தின் மாநாட்டு அறிக்கையில் கடைசிப் பக்கத்தில் சுயவிமர்சனம் என்று ஒரு பத்தி வரும். அதைப் படிக்கும்போது பாதிப் பேர் டீ குடிக்கப் போயிருப்பார்கள். "உறுப்பினர் சேர்ப்பில் போதிய கவனம் செலுத்தவில்லை" என்று ஆண்டுதோறும் அதே வரி. அந்தப் பத்தியை இப்போது ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர் என்று நீளும் இந்தப் பட்டையில் ஆலைச் சம்பளத்தில் வீடு கட்டிய, பிள்ளைகளைப் படிக்கவைத்த, முடிந்தால் அண்ணாநகருக்குக் குடிபோன எல்லோரையும் சேர்த்துத்தான் 'நாங்கள்' என்கிறேன்.

ஆலைகள் எங்களுக்குச் சோறு போட்டன, அதை மறைக்க வேண்டியதில்லை. 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., 1948இல் எண்ணூரில் வந்த அசோக் மோட்டார்ஸ், 1955இல் என்ஃபீல்டு, 1969இல் மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, 1970இல் எண்ணூர் அனல் மின் நிலையம். சைரன் ஊதினால் உலை வைப்பார்கள். போனசுக்கும் கேண்டீன் சாப்பாட்டுக்கும் கேட் முன்னால் உட்கார்ந்தோம், ஜெயித்தோம். புகைக்கூண்டின் மறுபக்கம் காற்று யார் வீட்டுக்குப் போகிறது என்பது எங்கள் கோரிக்கைப் பட்டியலில் ஒருநாளும் இடம்பெறவில்லை. 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடிய சிங்காரவேலர் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் படத்துக்கு மாலை போட்டுவிட்டு வெளியே வந்து, "குப்பத்துக்காரங்க மறியல் பண்றாங்களாம், பஸ் வராது" என்று அலுத்துக்கொண்டவர்கள் நாங்கள். எதற்கு மறியல் என்று கேட்டதில்லை. எத்தனை மணிக்கு விடுவார்கள் என்றுதான் கேட்டோம்.

சங்க நூலகத்தில் ஒரு பழைய ஆங்கிலப் புத்தகம் இருந்தது. இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் செல்போர்ன் என்ற சிறு ஊரின் பாதிரியார் கில்பர்ட் ஒயிட் எழுதி 1789இல் வெளிவந்தது. ஒரு ஊர், அதன் மரங்கள், பறவைகள், பூச்சிகள், வானிலை. அவ்வளவுதான் புத்தகம். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் சிறு குருவிகள் மூன்று தனித்தனி இனங்கள் என்பதைக் குரலைக் கேட்டே பிரித்துக் காட்டியவர் அவர். அத்தையிடமிருந்து வந்த டிமோதி என்ற ஆமையைத் தராசில் வைத்து நிறுத்து, எந்த நாளில் மண்ணுக்குள் போகிறது, எந்த நாளில் வெளியே வருகிறது என்று குறித்துவைத்தார். (டிமோதி பெண் ஆமை என்பது அது செத்த பிறகுதான் தெரிந்தது.) அந்த நாட்டுச் சிற்றூர்களில் இன்னொரு வழக்கமும் இருந்தது. ஆண்டுக்கொரு முறை ஊரே திரண்டு எல்லையைச் சுற்றி நடக்கும். எல்லைக்கல்லில் சிறுவர்களை முட்டவைத்து அந்த இடம் மறக்காதபடி செய்வார்கள். வேடிக்கையாக இருக்கிறது என்று சிரித்தோம். நம் எல்லையில் என்ன இருக்கிறது என்று நாங்கள் நடந்து பார்த்ததில்லை.

எங்களுக்கும் ஆமை வருகிறது. தை முதல் பங்குனி வரை முட்டையிடக் கரையேறுவதால் பங்குனி ஆமை என்பார்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் அவை நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. இழுவலையில் சிக்கிய ஆமைக்கு மூச்சுவிட மேலே வர முடியாது, மூழ்கிச் சாகும். ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் வஞ்சிரம் பேரம் பேசிக்கொண்டிருந்த நாங்கள், அது எந்தப் படகு, எந்த வலை, கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் பிடித்தது என்று கேட்டிருக்கலாம். விலையை மட்டும் கேட்டோம். டிமோதியின் ஓடு லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எங்கள் ஆமையை நாய் இழுத்துக்கொண்டிருந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டி வந்தேன்.

பழம்பெருமைக்கு மட்டும் குறைச்சல் இல்லை. 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்டது ராயபுரத்திலிருந்து. அந்த நிலையம் இடிந்துவிழும் நிலைக்குப் போய், 2005இல் சீர்செய்யப்படும் வரை அது எங்களுக்கு வழிசொல்லும் அடையாளம் மட்டுமே. "ஸ்டேஷன் தாண்டி லெஃப்ட்." நான் நாற்பது வருடம் குடியிருக்கும் காலடிப்பேட்டை, கோலெட் என்ற வெள்ளைக்கார கவர்னர் நெசவாளர்களைக் குடிவைத்த கோலெட்பேட்டை என்பதை வெளியூரிலிருந்து வந்த ஒரு மாணவி சொல்லித் தெரிந்துகொண்டேன். ராஜேந்திர சோழன் காலத்தில் கல்லில் எழுந்த தியாகராசர் கோயிலில் விபூதி வாங்கி, நெற்றிக்குப் போக மிச்சத்தைக் கல்வெட்டில் துடைத்துவிட்டு வந்திருக்கிறோம்.

இவையெல்லாம் கட்டடம். கட்டடத்தைச் சுண்ணாம்பு வைத்துப் பூசிவிடலாம். மணலை என்ன செய்வது?

இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கும். 1875இல் அடிக்கல் நாட்டிய துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் நீண்டதும் அந்த மணல் தெற்கே தேங்கியது. மெரினா அகலமாகிக்கொண்டே போனது. வடக்கே மணல் வரத்து நின்றது, அலை நிற்கவில்லை. ராயபுரத்தில், காசிமேட்டில், திருவொற்றியூரில் கடல் தெருத்தெருவாக உள்ளே வந்தது. மெரினாவில் சுண்டல் தின்னும்போது என் அப்பா, "இதெல்லாம் நம்ம மண்ணுடா" என்பார். இதை ஒரு குறையாகச் சொல்லியே வளர்ந்தோம். பிறகு எங்கள் வாசலைக் காக்கக் கல் கொட்டச் சொல்லி மனு கொடுத்தோம். லாரி லாரியாகக் கல் வந்தது. கல் கொட்டிய இடத்தில் அரிப்பு நின்று, கல் முடிந்த இடத்துக்கு வடக்கே தொடங்கியது. அடுத்த குப்பம் மனு கொடுத்தது. அதற்கடுத்த குப்பம். நகரம் எங்களுக்குச் செய்ததைச் சொல்லிச் சொல்லி அழுத நாங்கள், அதையே எங்களுக்கு வடக்கே இருந்தவர்களுக்குச் செய்தோம்.

எல்லாம் போய்ச் சேர்ந்த இடம் எண்ணூர்க் கழிமுகம். கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரம். இதே ஆற்றுப் படுகையில்தான், மேலே அத்திரம்பாக்கத்தில், 1863இல் புரூஸ் ஃபூட் கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்தார். அங்கே கிடைத்த ஒருவகைக் கருவிகளுக்கு ஏறக்குறைய 3,85,000 ஆண்டு வயது என்று 2018இல் ஆய்வாளர்கள் நிறுவினார்கள். அத்தனை காலம் மனிதர்களுக்குத் தண்ணீர் கொடுத்த ஆற்றின் வாயில் நாங்கள் ஐம்பது வருடத்தில் சாம்பலைக் கொண்டுபோய் வைத்தோம். அனல் மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் அனுப்புவார்கள். குழாய் ஒழுகும். ஒழுகிய இடத்தில் ஆறு மேடாகும். மேடான இடம் நிலம்போலத் தெரியும். அப்புறம் அது நிலமே என்று எழுதிவிடலாம்.

எழுதியும் விட்டார்கள். 1996இல் மத்திய அரசு ஒப்புதல் தந்த கடலோர மண்டல வரைபடத்தில் கழிமுகம் முழுதாக இருந்தது. அதன் பெரும்பகுதியைக் காணாத இன்னொரு வரைபடத்தை வைத்து அனுமதிகள் கொடுக்கப்பட்டதைச் சூழலியல் ஆர்வலர்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் ஆவணம் கேட்டு வாங்கி 2017இல் வெளியே கொண்டுவந்தார்கள். படித்ததும் எங்களுக்குக் கோபம் வந்தது. எனக்கு அதைவிட அதிகம் உறுத்தியது வேறு. அந்தப் பொய் வரைபடத்தை யாராவது என் முன்னால் விரித்து வைத்து, "இது சரியா?" என்று கேட்டிருந்தால், நான் சரி என்று தலையாட்டியிருப்பேன். ஆறு எங்கே வளைகிறது, பக்கிங்ஹாம் கால்வாய் எங்கே வந்து சேர்கிறது, கண்டல் காடு எந்தக் கரையில் இருக்கிறது, எதுவும் எனக்குத் தெரியாது. முகத்துவாரக்குப்பத்துக் கிழவிக்குத் தெரியும். கழுத்தளவு தண்ணீரில் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு கையால் தடவித் தடவி இறால் பிடித்தவள் அவள். எந்த நாள் யார் எந்த இடத்தில் வலை போடலாம் என்ற 'பாடு' முறை அந்த ஊர்களுக்கு மனப்பாடம். வரைபடம் போட்டவர்கள் அவர்களைக் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

திருவொற்றியூரில் கலிய நாயனார் என்றொருவர். செக்காட்டிய குடி. கோயில் விளக்குக்கு எண்ணெய் வாங்கக் காசில்லாமல், தன் கழுத்தை அரிந்து ரத்தத்தை ஊற்றத் துணிந்தார் என்கிறது பெரியபுராணம். 2023இல் கார்த்திகைப் பௌர்ணமிக்கு ஆதிபுரீசுவரரின் கவசம் திறந்து மூன்று நாள் கூட்டம் அலைமோதியது. நானும் வரிசையில் நின்றேன். ஒரு வாரம் ஆகியிருக்கும், மிக்ஜாம் புயல் மழை கொட்டியது. இந்தமுறை எண்ணெய் கேட்காமலே வந்தது. மணலி சுத்திகரிப்பு ஆலையிலிருந்து என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக வெள்ளத்தோடு கழிமுகத்தில் இறங்கி, வீட்டுச் சுவர்களில் இடுப்பளவுக்குக் கறுப்புக் கோடு போட்டு, கூழைக்கடாக்களின் வெள்ளை இறகைத் தாராக்கியது. 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது அதை வாளியால் அள்ளினார்கள். ஏழு வருடம் கழித்தும் வாளிதான். 2023 டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி எண்ணூர் உர ஆலை ஒன்றின் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து, பெரியகுப்பத்து மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். சுனாமி வந்த அதே தேதி. எங்கள் தெருவில் மறுநாள் பேச்சு, வெள்ள நிவாரணம் 6,000 ரூபாய் யார் யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்பதைப் பற்றி.

மூடிய அனல் மின் நிலைய இடத்தில் புதிதாக ஒன்று கட்டக் கருத்துக்கேட்புக் கூட்டம் 2024 டிசம்பரில் நடந்தது. அழைப்பை நாளிதழில் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு வேறு வேலை இருந்தது. என்ன வேலை என்று யோசித்துப் பார்க்கிறேன், நினைவுக்கு வரவில்லை.

சென்ற மாதம்தான் முதல்முறையாக முகத்துவாரத்துக்குப் போனேன். பாலத்தடியில் ஒருவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். என்னைவிடப் பெரியவர். கை விரல்களில் கீறல். காக்கா ஆழி கிழித்தது என்றார். தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து, கப்பல்கள் நிலைக்காக நிரப்பிவந்து கொட்டும் தண்ணீரில் வந்திருக்கும் என்று கணிக்கப்படும் சிறு கறுப்புச் சிப்பி அது. ஆற்றின் அடியில் பாய்போல மூடிக்கொண்டு, இறாலுக்குச் சேறு கிடைக்காமல் செய்துவிட்டது.

"எந்த ஊரு சார்?"

"திருவொற்றியூர்ணா."

"பக்கம்தான். எவ்ளோ நாளா?"

"நாப்பது வருஷம். அதுக்கு முன்னாடி ராயபுரம்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. முடிச்சை இழுத்துப் பார்த்தார். தூரத்தில் சாம்பல் மேட்டை ஒட்டி, ஆழமில்லாத தண்ணீரில், இளஞ்சிவப்பாக ஒரு கூட்டம் நின்றது. பூநாரை. இங்கேயா என்று கேட்டேன். எல்லா வருஷமும்தான் வருது என்றார்.

நோட்டை எடுத்து, இந்த ஆற்றில் என்னென்ன கிடைக்கும் என்று கேட்டேன். தலை நிமிராமல் சொன்னார், எழுதிக்கொண்டேன். வெள்ளை இறால், கருப்பு இறால், மடவை, கெளுத்தி, ஊடான், கொடுவா, பச்சை நண்டு, மஞ்ச மட்டி. முடிந்ததும் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன்.

"மஞ்ச மட்டிய அடிச்சுடு சார். அது இப்ப இல்ல. ஊடானும் அடிச்சுடு."

அடித்தேன். கொடுவா என்றேன். கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்தார்.

"அது இருக்கட்டும். போன வருஷம் ஒண்ணு மாட்டுச்சு."