பாதி மனிதர் அல்லர்

கிறிஸ்துமஸ் வந்தால் குடில் கட்டுகிறோம். வைக்கோல் பரப்பி, சொரூபங்களை அடுக்கி, நள்ளிரவுத் திருப்பலியில் பாலனைக் கிடத்துகிறோம். கடவுள் மனிதரானார் என்று வாயாரச் சொல்கிறோம். ஆனாலும் பலர் மனதில் இருக்கும் படம் வேறு: மனித உடலைப் போர்த்திக்கொண்டு வந்து, காரியம் முடிந்ததும் கழற்றி வைத்துவிட்டுப் போன கடவுள். கிறிஸ்தவ விசுவாசம் அதுவல்ல. இந்த வித்தியாசம் நம் ஜெபத்தையே தொடுகிறது.

நான்காம் நூற்றாண்டிலேயே இதில் தடுமாறியவர் ஒருவர் உண்டு: சிரியாவின் லவோதிக்கேயா ஆயர் அப்பொலினாரிஸ். கிறிஸ்துவின் தெய்வீகத்தை மறுத்தவரல்ல, 325இல் நிசேயா சங்கம் அறிவித்த விசுவாசத்துக்காக வாதாடியவர். இயேசுவின் உடல் மனித உடல்தான், மனித மனம் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் இறைவார்த்தையே இருந்தார் என்றார் அவர். அலைபாயும் மனம் கடவுளுக்கு எப்படிப் பொருந்தும் என்பது அவர் கவலை. பக்தியில் பிறந்த கவலைதான்.

இன்னொரு ஆயரான நசியான்ஸ் கிரகோரியார் இதை ஏற்கவில்லை. கிறிஸ்து எதைத் தமதாக்கிக்கொள்ளவில்லையோ அது குணமாகாமலே நின்றுவிடும் என்பது அவர் பதிலின் சாரம். நமக்குள் அதிகம் நொந்து கிடப்பது மனம்தானே? அதை விட்டுவிட்டு உடலை மட்டும் எடுத்துக்கொண்டால் மீட்பு யாருக்கு? 381இல் கான்ஸ்டான்டிநோபிள் சங்கம் அப்பொலினாரிஸின் போதனையைத் தள்ளியது. 451இல் கல்செதோன் சங்கம், கிறிஸ்து மெய்யாகவே கடவுள், மெய்யாகவே மனிதர், ஆனாலும் ஒருவரே என்று அறிக்கையிட்டது. உயிர்த்தெழுந்த பிறகும் அவர் கைகளில் காயம் இருந்தது, சீடர்கள் முன் மீன் சாப்பிட்டார். மனிதராயிருப்பதை அவர் விட்டுவிடவே இல்லை.

ஆயர்களின் வாதம் நமக்கெதற்கு என்று தோன்றலாம். கைதாகுமுன் கெத்சமனித் தோட்டத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். இயேசு கலங்குகிறார். மூன்று சீடர்களைத் தம்மோடு விழித்திருக்கச் சொல்கிறார், அவர்கள் தூங்கிவிடுகிறார்கள். இந்தத் துன்பம் நீங்காதா என்று ஒரே ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். மனித மனம் இல்லாதவருக்கு இது வெறும் நடிப்பு. நடிப்பில்லை என்றால், ஸ்கேன் ரிப்போர்ட்டுக்காக ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பவரின் பயம் கடவுளுக்கு அந்நியமானதல்ல. பயப்படுவது விசுவாசக் குறைவு என்று அவரிடம் போய்ச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து சொல்லாதீர்கள். பயந்தவரிடம்தான் நாம் ஜெபிக்கிறோம்.

துன்பம் ஏன் வருகிறது என்பதற்கு இந்த விசுவாசம் விடை தருவதில்லை. நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் இறந்திருக்கமாட்டானே என்று பெத்தானியா மரியா காலில் விழுந்து அழுதபோது, இயேசு அவளுக்கு எந்த விளக்கமும் சொல்லவில்லை. தாமும் அழுதார். சற்று நேரத்தில் அந்தச் சகோதரன் லாசரை உயிரோடு எழுப்பப்போகிறவர்தான் அழுதார் என்பதைக் கவனியுங்கள். அடுத்து நடக்கப்போவது தெரிந்திருந்தும், அவள் துக்கத்தை அவர் அவசரமாகத் தாண்டிப் போகவில்லை.